பெஞ்சு இல்லாத பள்ளி

எங்கள் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று ஆயாவையும் அழைத்துக்கொண்டு போனோம். செங்கல்பட்டுப் பக்கம் உள்ள ஒரு சிறிய மாற்றுப் பள்ளி அது. ஓடு வேய்ந்த நான்கு கூடங்கள், நடுவில் ஒரு புங்கமரம், மரத்தடியில் மணல். ஆயா ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தார். பிறகு எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: “பெஞ்சே இல்லியே. எல்லாத்தையும் கீழ உக்கார வெச்சிருக்காங்க. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

டீச்சரும் கீழேதான் உட்காருகிறார் என்று காட்டினோம்.

“டீச்சரை யாரு உக்காருன்னு சொன்னது? அவங்களா உக்காருறாங்க. அது வேற” என்றார் ஆயா.

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போது மகள் நான்காம் வகுப்பு முடிக்கிறாள். இந்தப் பள்ளியைப் பாராட்டி எழுத வேண்டும் என்று இருவரும் பல நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். எழுத உட்கார்ந்தால் பாராட்ட வேண்டிய ஒவ்வொன்றும் நம் மக்களின் பள்ளிக்கூட வரலாற்றில் போய் முட்டுகிறது. பாய், களிமண், விளக்குமாறு, தேர்வு இல்லாமை என்று எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை நிற்கிறது. அந்தக் கதையைச் சொல்லாமல் பள்ளியை மட்டும் பாராட்டினால் அது விளம்பரமாகிவிடும். எனவே வரலாற்றிலிருந்தே தொடங்குகிறோம்.

தரையில் உட்காருவது நமக்கு வெறும் உட்காருதல் அல்ல. சதாராவில் பள்ளி மாணவனாக இருந்த அண்ணல் அம்பேத்கர், உட்காருவதற்கு வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துண்டைத் தினமும் சுமந்து போனதையும் திரும்பக் கொண்டுவந்ததையும் எழுதியிருக்கிறார். பள்ளியைக் கூட்டுகிற ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார். நம் ஊர்களில் இதே கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. திண்ணைக்கு வெளியே நின்று கேட்டவர்கள், கடைசிச் சுவரோரம் தனியாக உட்கார்ந்தவர்கள், தொட்டு அடித்தால் தீட்டு என்று வாத்தியார் தூரத்திலிருந்து வீசி எறிந்த கம்பை வாங்கியவர்கள் எல்லாரும் நம் தாத்தா பாட்டிகள்தான். ஆயா படித்தது 1960-களில், மூன்றாம் வகுப்பு வரை. சேரியில் இருந்த அந்தப் பள்ளியை ஊரில் ‘அரிசன் ஸ்கூல்’ என்பார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பெஞ்சு இருந்தது, இங்கே இல்லை. ஆகவே ஆயாவின் கணக்கில் பெஞ்சு என்பது ஒரு மரச்சாமான் இல்லை. யார் யாருக்குச் சமம் என்பதற்கான அளவுகோல் அது.

இதே செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றித்தான் 1891-ல் ஆட்சியர் டிரெமன்ஹீர் ஒரு நீண்ட குறிப்பை அரசுக்கு அனுப்பினார். இன்று பஞ்சமி நிலம் என்று நாம் கேட்டுப் போராடுகிற நிலத்தின் தொடக்கம் அந்தக் குறிப்பும் அதையொட்டி 1892-ல் வந்த ஆணையும்தான். நிலத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அடுத்த ஆண்டே, 1893 பிப்ரவரியில், கல்வித்துறையின் 68-ம் எண் ஆணை வந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பஞ்சமர் பள்ளிகளுக்குத் தனி உதவித்தொகை, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், ஆசிரியர் பயிற்சிக்குச் சலுகை என்று பலவற்றைச் சொன்ன ஆணை அது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்றே அதைப் பிற்காலத்தில் குறிப்பிட்டார்கள்.

ஆணை வந்துவிட்டால் போதுமா? சேரிக் குழந்தை உள்ளே வந்தால் ஊர்க் குழந்தைகள் வெளியே போய்விடுவார்கள், பள்ளி காலியாகிவிடும். நிர்வாகத்துக்குக் காலிப் பள்ளி வேண்டாம். எனவே நடைமுறையில் நமக்குக் கிடைத்தது தனிப்பள்ளிதான். மிஷன்கள் ஏற்கெனவே நடத்திவந்தன, அரசு பிறகு நடத்தியது. நடுவில் அடையாறிலிருந்து ஒருவர் நடத்தினார். மாற்றுப் பள்ளியின் கதை நமக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்க ராணுவத்தில் கர்னலாக இருந்த ஹென்றி ஆல்காட், பிரம்மஞான சபையின் தலைவர். 1894-ல் சபை வளாகத்தை ஒட்டி ஊரூர் பகுதியில் பஞ்சமர் குழந்தைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். மெரினாவில் வள்ளுவருக்குச் சிலை எழுவதற்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, வள்ளுவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடிய மக்களின் பிள்ளைகள் அவர் பெயரில் ஒரு பள்ளியில் படித்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் பள்ளிகளை மேற்பார்வையிட அமெரிக்காவிலிருந்து வந்த பெண் ஆசிரியர்களில் சாரா பாமர், கோர்ட்ரைட் ஆகிய இருவர் முக்கியமானவர்கள். பறையர் குழந்தைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்பதைப் பற்றி 1906-ல் கோர்ட்ரைட் ஒரு சிறு நூலே எழுதினார். கிண்டர்கார்டன் முறையை அந்தப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தினார்கள். மனப்பாடத்துக்குப் பதில் பொருட்களைத் தொட்டு எண்ணுவது, கையால் செய்வது, பாடுவது, ஆடுவது. இன்றைக்கு ‘செயல்வழிக் கற்றல்’ என்று எதைச் சொல்கிறோமோ அதன் மூத்த அக்கா அது. பிரம்பும் மனப்பாடமும் கோலோச்சிய அன்றைய சென்னையில், சாதி இந்துக்களின் பிள்ளைகள் திண்ணையில் ஒப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், தேனாம்பேட்டைச் சேரிக் குழந்தைகள் விளையாடிப் படித்தார்கள்.

எங்களுக்கே இது முதலில் நம்ப முடியாததாக இருந்தது. மாற்றுக் கல்வி என்றால் பருத்திச் சட்டை போட்டு, சிறுதானியம் சாப்பிட்டு, நகரத்தை விட்டு வந்த மேல்சாதிப் படிப்பாளிகளின் விருப்பம் என்றுதான் நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படி நினைத்தவர்கள்தான். அந்த முறையின் தொடக்கத்தைத் தேடிப் போனால் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. இங்கே மட்டுமா? மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரியில் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற கூலித் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அம்மா வேலைக்குப் போன பிறகு சுவரைக் கிறுக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. இன்று அந்தப் பெயரைப் பலகையில் எழுதினாலே கட்டணம் ஒரு மடங்கு ஏறிவிடுகிறது.

ஆல்காட் பள்ளிகளைப் புகழ்ந்து மட்டும் விட்டுவிட முடியாது. அவை தொடக்கக் கல்வியோடு நின்றவை. அதற்கு மேல் அந்தக் குழந்தைகளை அனுப்பும் திட்டம் அவற்றில் இல்லை. துரைமார் வீட்டுச் சமையல்காரர், தோட்டக்காரர், குதிரைக்காரர் ஆகியோரின் பிள்ளை கொஞ்சம் கணக்கும் எழுத்தும் தெரிந்தவனாக ஆனால் போதும் என்கிற அளவு. அன்பு இருந்தது, கூரை தாழ்வாக இருந்தது. இன்னொன்றும் தோன்றுகிறது. புதிய முறையைச் சோதித்துப் பார்க்க நம் பிள்ளைகள் வசதியாகக் கிடைத்தார்கள். என் மகன் எப்போது மெட்ரிகுலேஷன் எழுதுவான் என்று கேட்கும் வக்கீல் அப்பா அங்கே இல்லை. அந்த முறை வெற்றி பெற்ற பிறகு அது யாரிடம் போனது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதற்கு முன் அந்தப் பெற்றோரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆல்காட் பெயர் இருக்கிறது, கோர்ட்ரைட் பெயர் இருக்கிறது. பிள்ளையை அனுப்பியவர்களின் பெயர்களை நாம் அறியோம். ஆனால் அவர்கள் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்பது தெரியும். மாடு மேய்த்தால், சாணம் பொறுக்கினால், தம்பியைத் தூக்கிக்கொண்டால் வீட்டுக்கு ஒரு வேளைக் கூழ் உதவி. அதை விட்டுத்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள். கிராமத்தில் அதைவிடப் பெரிய விலை. குடிசை போட்ட மண்கூட மிராசுதாருடையது என்பதால், பள்ளிக்கூடம் என்று வாயெடுத்த குடும்பத்தை அவர் எழுப்பிவிடலாம். ‘அந்தக் காலத்தில் நம் மக்களுக்குக் கல்வியின் அருமை தெரியவில்லை’ என்று நம் மேடைகளிலேயே சிலர் பேசுகிறார்கள். அருமை தெரியாமலா குடிசையைப் பணயம் வைத்தார்கள்?

பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பஞ்சமர் பள்ளியில் ஆசிரியராக இருந்த கிருஷ்ணசாமி. 1898-ல் பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டைச் சந்தித்து, பௌத்தம் திரும்பும் எண்ணத்தைச் சொன்னபோது அவருடன் கொழும்பு சென்றவர் இவர். அங்கே சுமங்கல மகாநாயக்கரிடம் இருவரும் பஞ்சசீலம் ஏற்றார்கள். தமிழ் பௌத்த மறுமலர்ச்சியின் தொடக்கப் புள்ளியில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர் நிற்கிறார் என்பதைப் படித்தபோது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. 1907 ஜூனில் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். ஆல்காட் அதே ஆண்டு பிப்ரவரியில் இறந்திருந்தார்.

ஆல்காட்டுக்குப் பிறகு சபைத் தலைமைக்கு வந்தவர் அன்னி பெசன்ட். 1909 பிப்ரவரியில் ‘இந்தியன் ரெவ்யூ’ இதழில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சேரிக் குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும், ஆனால் அவர்களை மற்ற குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அவர்களின் உடல் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவாலும் குடியாலும் நாற்றமுள்ளதாக ஆகிவிட்டது, முதலில் சுத்தம் கற்பிக்க வேண்டும், சில தலைமுறைகள் ஆக வேண்டும் என்று போகும் வாதம். 1945-ல் வெளிவந்த ‘காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன’ நூலில் அம்பேத்கர் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எங்கள் மகள் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தோம். ஆல்காட் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அது இருக்கும் இடத்தின் பெயர் பெசன்ட் நகர்.

அதே 1909-ல் அதே அடையாறு கடற்கரையில் இன்னொன்றும் நடந்தது. சபையில் வேலை பார்த்த ஒரு பிராமணத் தந்தையின் மகனை உலக ஆசான் ஆகப் போகிறவன் என்று சபையினர் கண்டெடுத்தார்கள். அவர்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் படித்த அந்தச் சிறுவனை வாத்தியார் தினமும் அடிப்பார், மந்தம் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்துவார். அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, அடையாறிலேயே அடி இல்லாமல், அச்சம் இல்லாமல் தனியாகக் கற்பித்தார்கள். அச்சமில்லாத கல்வி என்பது பிற்காலத்தில் அவர் சிந்தனையின் மையமாக ஆனது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளி, சென்னையில் பள்ளி, வேறு பல ஊர்களில் பள்ளிகள் என்று அது வளர்ந்தது. 1939-ல் மாண்டிசோரி அம்மையாரே அடையாறு வந்து பயிற்சி நடத்தினார்.

கிருஷ்ணமூர்த்தி மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அடிபட்ட குழந்தை எந்தச் சாதியானாலும் குழந்தைதான். ஒரே ஆண்டில், ஒரே வளாகத்தில், அடிபட்ட ஒரு சிறுவனுக்காகப் பள்ளி என்ற அமைப்பையே மாற்ற மனம் வந்தது. நம் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருவதற்கோ சில தலைமுறைக் காத்திருப்பு விதிக்கப்பட்டது. விளையாடிப் படிக்கும் முறை சேரியிலிருந்து கிளம்பி மேலே போன பாதை இதுதான்.

ஆனாலும் நம்மவர்கள் அதை முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. பெருந்தலைவர் எம்.சி. ராஜாவைச் சட்டமன்ற உறுப்பினராகவும், 1922-ல் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று வழங்கத் தீர்மானம் கொண்டுவந்தவராகவும் நாம் அறிவோம். அவர் தொழிலால் ஆசிரியர். 1930-ல் இரா. அரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற குழந்தைகளுக்கான நூலை வெளியிட்டார். வட்டமேசை மாநாடு, தனித்தொகுதி என்று அரசியல் கொதித்த காலத்தில், ஒரு தலித் தலைவர் உட்கார்ந்து குழந்தைகள் கை தட்டிப் பாடுவதற்கு ஒரு புத்தகம் செய்திருக்கிறார். அவர் நினைவு நாள் கூட்டங்களில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாங்களும் சமீபத்தில்தான் அறிந்தோம்.

அரசுத் தரப்பில் 1920-களில் தொழிலாளர் துறையின் கீழ் நமக்கான பள்ளிகள் வந்தன. பெரியவர்கள் ‘லேபர் ஸ்கூல்’ என்பது அதைத்தான். துறையின் பெயர் அரிசன நலம் ஆயிற்று, பிறகு ஆதிதிராவிடர் நலம் ஆயிற்று. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியது நம் சொந்த முயற்சி. அவற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இனி விளக்குமாறு.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் வந்து சொன்னாள், “இன்னிக்கு பாத்ரூம் கழுவுற முறை எங்க குழுவுக்கு.” ஆயா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அன்றிரவு வீட்டில் சோறு இறங்கவில்லை. கழிப்பறை கழுவச் சொல்லி தலித் பிள்ளைகளை மட்டும் அனுப்பும் பள்ளிகளைப் பற்றி நாம் எத்தனை மனுக்கள் எழுதியிருக்கிறோம்! இப்போது கட்டணம் கட்டிச் சேர்த்த பள்ளியிலா? “எந்த வேலை நம்மள வுட்டுப் போவணும்னு உங்க தாத்தா செத்தாரோ அதையே கத்துக் குடுக்குறாங்க” என்றார் ஆயா.

இந்தக் கோபத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் மூன்று மணி. மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைப் பார்க்க வேண்டும். கையால் செய்து கற்பது, உழைப்பின் மதிப்பு, ஏட்டுப் படிப்பின் குறை என்று அதற்குச் சொன்ன நியாயங்கள் இன்றைய மாற்றுப் பள்ளிக் கையேட்டிலிருந்து எடுத்தது போலவே இருக்கும். குலக்கல்வி என்று அதை அடையாளம் கண்டு தமிழ்நாடு எதிர்த்தது. ராஜாஜி பதவி விலகிய பின் 1954 மே மாதம் காமராசர் அதைக் கைவிட்டார். ஆகவே களிமண்ணும் தறியும் மண்வெட்டியும் பாடம் என்று யாராவது சொன்னால், நம் மக்கள் கை தானாகவே பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்ளும். அதை அறியாமை என்று சொல்பவர்கள் வரலாறு அறியாதவர்கள்.

அடுத்த நாள் பள்ளிக்குப் போனோம். எங்களுக்கு முன்பே இன்னொரு பெற்றோர் வந்து தலைமை ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைக்கும் அதே முறை வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் இதைச் செய்து வழக்கமில்லை, பாட்டி கேள்விப்பட்டால் பிள்ளையை வீட்டுக்குள் விடமாட்டார் என்றார். நாங்களும் அதே கோரிக்கையோடு நின்றோம், நேர் எதிரான காரணத்துக்காக. அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் கற்றது ஒரு செமஸ்டர் சமூகவியலுக்குச் சமம்.

தலைமை ஆசிரியர் சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலைக் காட்டினார். அதில் எல்லாப் பிள்ளைகள் பெயரும் இருந்தது. எல்லா ஆசிரியர்கள் பெயரும் இருந்தது. திங்கட்கிழமைக்கு நேரே அவர் பெயர். “உங்க ரெண்டு பேருக்காகவும் மாத்த மாட்டேன். மாத்தினா யார் கழுவுறதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். அந்தப் பெற்றோர் பிள்ளையை அந்த ஆண்டோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் விடவில்லை. எங்களுக்கு உடனே சமாதானம் வந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். சில திங்கட்கிழமைகள் சும்மா அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். அவர் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

இந்தப் பள்ளியைப் பாராட்ட எங்களிடம் உள்ள முதல் காரணம் அந்தப் பட்டியல்தான். இன்னும் சில உண்டு. நாங்கள் படித்த பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை உதவித்தொகைப் படிவம் வரும். “எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க” என்பார் ஆசிரியர். எழுந்து நிற்கும் அந்த அரை நிமிடம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நம்மை நிமிர்ந்து பார்க்கும் பார்வை, முப்பது வயது கடந்தும் அது உடம்பில் இருக்கிறது. எங்கள் மகளை நான்கு ஆண்டுகளில் ஒரு முறையும் யாரும் அப்படி எழுப்பவில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் எங்களை அலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பள்ளியே ஒரு குழம்பு வைக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவரும் டப்பாவில் மாட்டுக்கறி இருந்தாலும் மூடி வைக்கச் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்பில் ஊரின் வரைபடம் வரைந்தார்கள். சேரியும் சுடுகாட்டுப் பாதையும் அதில் இருந்தன. ஏன் இரண்டு சுடுகாடு என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு ஆசிரியர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவரையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் கயிறு கூடாது என்றெல்லாம் சொன்னது. நல்லதுதான். எங்கள் மகளின் ஆசிரியர் அந்த வரைபடத்தின் முன் நின்று செய்த வேலையும் அந்த அறிக்கை கேட்பதுதான்.

படிப்பு? தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பயந்தோம். எதிர்வீட்டு மெட்ரிகுலேஷன் பையன் ஆங்கிலத்தில் கிழமைகளை ஒப்பித்தபோது எங்கள் மகள் புளியங்கொட்டையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது தானாகவே தமிழ்க் கதைப் புத்தகம் படிக்கிறாள், பின்னத்தைச் சப்பாத்தி வெட்டி விளக்குகிறாள். ஆங்கிலம் இன்னும் தடுமாற்றம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு அலங்காரம் இல்லை, ஆயுதம். இந்த வகையில் பள்ளி மேல் எங்களுக்குக் குறை உண்டு.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. தொண்ணூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் சேரியிலிருந்து வருபவர்கள் ஐந்து பேர். எங்கள் மகள் அதில் ஒருத்தி. நாங்கள் இருவரும் மாதச் சம்பளம் வாங்குவதால் அவள் அங்கே இருக்கிறாள். பள்ளியின் வேலியிலிருந்து முக்கால் கிலோமீட்டரில் ஒரு காலனி இருக்கிறது. அங்கிருந்து ஒரு பிள்ளையும் இல்லை.

விளையாடிப் படிக்கும் முறை ஒருமுறை நம் பிள்ளைகளிடம் திரும்பி வந்தது. ரிஷிவேலியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்காக அங்குள்ளவர்கள் உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 2007 வாக்கில் தமிழகம் முழுதுக்கும் அது பரவியது. அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். சுவரில் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். ஆசிரியர் தரையில் உட்கார்ந்தார். அடையாறிலிருந்து மதனப்பள்ளி போய், நூறு ஆண்டு கழித்து, சென்னைக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளிடம் அது வந்து சேர்ந்தது.

அப்போது நாங்கள் கல்லூரியில் இருந்தோம். பிறகு களப்பணிக்காகச் சேரிகளில் அலைந்தபோது பல அம்மாக்கள் சொன்னது ஒன்றுதான்: “கீழ உக்காந்து அட்டையை வெச்சி வெளாடிட்டு வருதுங்க. படிக்கிறதே இல்ல.” கூலி வேலை செய்து, நகை அடகு வைத்து, ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளியில் பெஞ்சு இருந்தது, டை இருந்தது. அவர்களை அப்போது நாங்கள் மனதுக்குள் குறை சொன்னோம். ஆயாவின் கேள்வியைக் கேட்ட பிறகுதான் அது தவறு என்று தெரிந்தது. நம் பிள்ளையைக் கீழே உட்கார வைப்பதற்கு முன், ஏன் உட்கார வைக்கிறோம் என்று அந்த அம்மாக்களிடம் யார் வந்து பேசினார்கள்? முறைப் பட்டியலில் தன் பெயரைக் காட்டிய தலைமை ஆசிரியரைப் போல யார் நின்றார்கள்? பிறகு அட்டைகள் மாறின, பருவத்துக்கொரு புத்தகம் வந்தது, 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஒவ்வொரு முறையும் முறை மாறியது. பெற்றோரிடம் கேட்காத வழக்கம் மட்டும் மாறவில்லை.

போன மாதப் பெற்றோர் கூட்டத்தில் காலனிப் பிள்ளைகளைப் பற்றி எழுந்து கேட்டோம். கட்டணச் சலுகை இருக்கிறதே, யாரும் கேட்டு வரவில்லையே என்றார்கள். ஊரூரில் யாரும் கேட்டு வரட்டும் என்று காத்திருந்தால் 1894-ல் பள்ளியே வந்திருக்காது என்றோம். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டோம். எழுதிக் கொடுங்கள் என்றார் தலைமை ஆசிரியர். ஆண்டுக்குப் பத்து இடம், கட்டணம் இல்லாமல், காலனிக்கு நேரில் போய் வீடு வீடாகப் பேசிச் சேர்ப்பது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். வீடு வீடாகப் போகும்போது ஆயாவையும் உடன் அழைத்துப் போவதாகவும் அதில் ஒரு வரி சேர்த்தோம்.

ஆயாவிடம் சொன்னதற்கு, “நான் வரேன். ஆனா பெஞ்சு போடச் சொல்லி மொதல்ல நான் கேப்பேன்” என்றார்.

கூட்டம் ஜூன் இரண்டாம் வாரம்.